இடப்பக்கத் தூண்

"முன்னாடி போ."

அவள் கணவனின் நடுவிரலை அழுத்தினாள். திரையில் துப்பாக்கி முன்னால் நகர்ந்தது.

நான்கு மாதமாக இப்படித்தான். சுடுவது அவனுடைய வலது கை. நடக்க வேண்டியது இடது கை. அதைத்தான் பக்கவாதம் கொண்டுபோய்விட்டதே. அவள் அந்தக் கையைத் தூக்கிக் கீபோர்டின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து, அவன் விரல்களாலேயே அழுத்துகிறாள். நடுவிரல் முன்னால். ஆள்காட்டி விரல் வலப்பக்கம். மோதிர விரல் இடப்பக்கம்.

அந்த விரலின் மோதிரம் இப்போது அவள் சங்கிலியில் கிடக்கிறது. வீக்கம் என்று ஆஸ்பத்திரியில் கழற்றியது.

ஆறு மாதத்துக்குள் ஒரு விரலாவது அசைய வேண்டும் என்றிருந்தார் டாக்டர். இது ஐந்தாவது.

பயிற்சி செய்யச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இந்தப் பாழாய்ப்போன விளையாட்டுக்கு மட்டும் பத்து மணிக்கெல்லாம் தயார்.

அதுவும் என்ன விளையாட்டு! புதிதாக வந்ததாம். பார்த்தால் அவன் கல்லூரிக் காலத்துச் சரக்கு. ஆள், சுவர், வானம், எல்லாம் கட்டம் கட்டமாக. சாம்பல் பெய்யும் ஊர். ரொட்டிக்கு வரிசை. வரிசையை விட்டு விலகினால் சுடுவதற்கு மூலைக்கு மூலை ஒரு சாம்பல் சட்டைக்காரன்.

அவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"இடப்பக்கம்! தூணுக்குப் பின்னாடி!" என்று அவன் கத்துவான். அவள் பதறி வலப்பக்கம் அழுத்துவாள். இருவரும் செத்துப்போவார்கள்.

"பரவால்ல பிலோமி. இன்னும் ஒரு உயிர் இருக்கு."

இன்று அந்தக் கடைசி உயிரில் நடந்துகொண்டிருந்தபோது குக்கர் நான்காவது விசில் அடித்தது. பருப்பு! விளையாட்டை நிறுத்த மறந்து, துப்பாக்கியை நடுத்தெருவிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

அடுப்பை அணைக்கும்போதே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. போச்சு. திரை சிவந்திருக்கும். இனி முதலிலிருந்து நடக்க வேண்டும்.

திரும்பி வந்தாள்.

திரை சிவந்திருக்கவில்லை.

சாம்பல் சட்டைக்காரன் சுட்டுக்கொண்டேதான் இருந்தான். குண்டுகள் தூணில் பட்டுத் தெறித்தன. துப்பாக்கி தூணுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

அவனுடைய வலது கை மௌசை விட்டு நகரவில்லை.

அவன் திரையைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடி கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளும் பார்த்தாள். மோதிர விரல் நுனி வெளுத்திருந்தது. அழுத்தியதை அது இன்னும் விடவில்லை.

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. நான்கு மாதமாகத் தங்களைக் கொன்ற அந்தக் கட்டம் போட்ட முகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீ நல்லா இருக்கணும்யா."

பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் அவள் கை அவன் கையை நோக்கிப் போனது. இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

தூணுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பூட்ஸ் சத்தம் நெருங்கியது.

வரட்டும்.