சுவரில் இன்னொரு கை

மப்ரூகா நின்றாள். பின்னால் வந்த காலடியும் நின்றது.

கதாமிஸ் என்ற பாலைவன ஊரின் கூரை மூடிய சந்துகளில் பகலிலும் இருட்டுதான். கீழே சந்து ஆண்களுக்கு, மேலே மொட்டைமாடி பெண்களுக்கு. இன்று மாடியில் கால் வைக்க முடியாத மணல் புயல். எடுத்து வந்த விளக்கும் முதல் வளைவிலேயே அணைந்துவிட்டது.

வீட்டில் ஓரகத்தி ஸுஹைலா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவச்சியை அழைக்கப் போன அவள் புருஷன் ஹம்தான் ஒரு மணி நேரமாகியும் திரும்பவில்லை.

பத்து வருஷம் திரிப்போலியில் இருந்துவிட்டு, போன மாதம்தான் மனைவியோடு ஊர் திரும்பியிருந்தான். "நீங்க இருங்க மதினி. பொம்பளைங்களுக்கு இருட்டுல திசை தெரியாது" என்று சிரித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

"யாரது?" என்றாள். மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

இடது கையைச் சுவரில் வைத்து நடந்தாள். பெண்கள் ஊற்றுக்குப் போக விடியலில் விடும் அரை மணி நேரத்தில் தடவித் தடவி நடந்த சந்து இது. ஈரம் கசியும் இடம். ஒரு விரிசல். ஆணி அடித்த கதவு. அடுத்து வலது பக்கம் திரும்ப வேண்டும்.

பின்னாலும் ஒரு கை சுவரை உரசிக்கொண்டே வந்தது. அவள் ஓடினால் அதுவும் ஓடியது.

கடைசியில் பேரீச்சம் பலகைக் கதவு விரலில் பட்டது. இரண்டு கையாலும் தட்டினாள். "ஃபத்தூமா அக்கா, சீக்கிரம் திறங்க. பின்னால யாரோ வர்றாங்க."

மருத்துவச்சி விளக்கோடு கதவைத் திறந்தாள். "என்னடி இது, தனியாவா வந்தே?"

"ஸுஹைலாவுக்கு வலி வந்துடுச்சு. ஹம்தான் இங்க வரலையா?"

"யாருமே வரலையே."

மப்ரூகா சந்தைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் வருகிற பாவி அவனை என்ன செய்தானோ. ஃபத்தூமா ஒரு கையில் உலக்கையை எடுத்துக்கொண்டு, மறு கையால் விளக்கை உயர்த்தினாள்.

வளைவிலிருந்து ஓர் உருவம் சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தது. நெற்றி வீங்கியிருந்தது. முழங்கை இரண்டிலும் ரத்தம்.

"அடிச்சுடாதீங்க மதினி, வழி தெரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டுத்தான் குரல் கொடுக்காம உங்க பின்னாலயே வந்தேன்."