சீனி இல்லாத வீடு

“நாப்பத்தெட்டு! அனிஷா, வந்து பாருடி, நாப்பத்தெட்டு!”

சுகர் பார்க்கும் மெஷினைத் தூக்கிக் காட்டினாள் அமலராணி. பீரோவைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு இழுத்துவிட்டு வந்த கை, இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

இருநூறுக்குக் கீழே இறங்காத மனுஷன் அவள் புருஷன் அந்தோணிமுத்து. மூன்று மாதமாக வீட்டுக்குள் ஒரு சிட்டிகை சீனி நுழையாமல் அவள் காவல் காத்ததற்குக் கிடைத்த மார்க் அது. டீச்சரம்மா அல்லவா, மார்க்கைப் பார்த்ததும் பூரித்துப்போனாள்.

“சீனி விஷம்டி. கஞ்சா மாதிரி, ஒரு தடவ பழகிட்டா ஆள விடாது. நான் சொன்னப்ப சிரிச்சீங்கள்ல?”

அனிஷா மெஷினைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென நடுங்கியது. “அப்பா” என்று கூப்பிட்டால், யாரோ எவரோ என்பதுபோல் பார்த்தார்.

“அம்மா, அப்பாவுக்கு என்னமோ பண்ணுதும்மா!”

“விஷம் எறங்குதுல்ல, அப்படித்தான் இருக்கும்.” சொன்னாளே தவிர, அமலராணியின் குரலும் உள்ளே போய்விட்டது.

பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி ரிட்டையர்டு நர்ஸ். கல்யாணத்துக்கென்று வத்தலக்குண்டு போயிருந்தார். அனிஷா போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

“எம்புட்டு? நாப்பத்தெட்டா?” பஸ் ஹாரன்களுக்கு மேலே அவர் குரல் உயர்ந்தது. “ஏ புள்ள, கொறஞ்சா நல்லதுன்னு நெனச்சீங்களா? இம்புட்டு கொறஞ்சா ஆளே போயிரும்! சோத்தையும் கொறச்சுட்டு மாத்திரைய மட்டும் அப்படியே குடுத்தாளா உங்கம்மா? முழுங்குறாரா பாரு. ஒடனே சீனியத் தண்ணில கரைச்சுக் குடு!”

“வீட்டுல சீனியே கிடையாதே பெரியம்மா!”

அனிஷாவுக்கு அழுகை வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருமுனைக் கடையும் அடைப்பு. வேறு எங்காவது ஓடலாம் என்று எழுந்தவளின் தோளில் அப்பாவின் தலை சரிந்தது. இப்படியே போய்விடுவார் என்றுதான் நினைத்தாள்.

“அப்பா, கண்ண மூடாதீங்கப்பா! அம்மா, எதாவது செய்யும்மா!”

அமலராணி அவரையே பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க உள்ளறைக்கு ஓடினாள்.

திரும்பி வந்தவள் கையில் ஒரு பொட்டலம். ரப்பர் பேண்டைப் பிய்த்தெறிந்தாள். உள்ளே பாதி தீர்ந்த சீனி, அதில் செருகியபடி ஒரு சின்ன ஸ்பூன். நாலு ஸ்பூன் அள்ளித் தம்ளரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள்.

ஒரு மடக்கு. இரண்டு மடக்கு. அனிஷா ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபத்தைப் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

கால்மணி நேரம் கழித்து நடுக்கம் நின்றது. மெஷின் தொண்ணூற்றாறு காட்டியது. அந்தோணிமுத்து மகளை அடையாளம் கண்டுகொண்டு, “ஏன்டா அழுகுற?” என்று கேட்டார். அவள் அவர் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு இன்னும் அழுதாள்.

“சீனி எங்கடி கெடச்சுச்சு?” என்றது போன்.

“எங்கயா? பீரோவுல, என் பட்டுச்சேலைக்கு அடியில!” அமலராணிக்கு டீச்சர் குரல் திரும்பிவிட்டது. “பாத்தீங்களாக்கா, எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சுத் தின்னுருக்காரு. பழகிட்டா விடாதுன்னு நான் சொல்லல?”

“நெசமாவாப்பா?” என்றாள் அனிஷா.

அந்தோணிமுத்து மனைவியை நிதானமாகப் பார்த்தார்.

“அமலா, பீரோ சாவி உன் இடுப்புலதான இருக்கு?”