அம்மாவின் வெளிநடப்பு

எங்கம்மா கவுன்சிலர். ஊர்ல யார் வேணாலும் அவங்ககிட்ட நியாயம் கேக்கலாம், பெத்த பொண்ணைத் தவிர.

எங்க காலேஜ் பக்கத்து மைதானத்துல அடுக்குமாடி கார் பார்க்கிங் கட்டணும்னு ஒரு தீர்மானம் வந்துச்சு. எதிர்ப்புக் குழுவுக்கு நான்தான் தலைவி. காலைல பல்லு விளக்கும்போதே அம்மாகிட்ட ஆரம்பிப்பேன்.

"மைதானப் பேச்சுன்னா ஆபீசுக்கு வா. வீட்ல பேசுறது முறையில்ல"ன்னு மிக்சியைப் போட்டுடுவாங்க.

ஆனா கட்டுமான கம்பெனி மேனேஜரை மட்டும் உக்கார வெச்சுப் பேசியிருக்காங்க. கேட்டா, ஆபீஸ்ல, கதவைத் தொறந்து வெச்சு, கிளார்க்கையும் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் பேசினாங்களாம்.

"தொறந்த வீட்டுல எது நுழையும்னு தெரியும்ல?"ன்னேன்.

மறுபடியும் மிக்சி.

ஓட்டெடுப்பு அன்னிக்கு பார்வையாளர் பெஞ்சுல எங்க கூட்டம். அம்மா மனசுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஆனா சொந்தப் பொண்ணை விட்டுக் குடுப்பாங்களா என்ன?

அம்மா எழுந்தாங்க.

"இந்த விஷயத்துல என் பொண்ணு ஒரு தரப்பு. விதிப்படி நான் ஓட்டு போடக் கூடாது."

சொல்லிட்டு விடுவிடுன்னு வெளிய போயிட்டாங்க. உங்கம்மா நைசா நழுவிட்டாங்கடின்னு பக்கத்துல இருந்தவ காதைக் கடிச்சா. எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு.

மத்தவங்க கை தூக்கினாங்க. ரெண்டு பக்கமும் சமம். தலைவர் தன்னோட முடிவு ஓட்டைப் போடல, சமமா வந்ததால தீர்மானம் தோத்துடுச்சுன்னு அறிவிச்சுட்டார். மைதானம் பிழைச்சுது. பெஞ்சு உடையாததுதான் பாக்கி.

வெளிய வராந்தாவுல அம்மா தண்ணி குடிச்சிட்டு நின்னாங்க. விடுவேனா? நாங்க ஜெயிச்சதுக்கும் உனக்கும் சம்பந்தமே இல்ல, எனக்காக ஒரு கையத் தூக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஊருக்கு என்னத்தக் கிழிக்கப் போறேன்னு பொரிஞ்சு தள்ளிட்டேன்.

முழுசாக் கேட்டாங்க.

"முடிச்சிட்டியா? அந்த மைதானத்துத் தெருவுல ரெண்டு பக்கமும் காரை நிறுத்திடுறாங்க. ஆம்புலன்ஸ் வந்தா நகர முடியல. பார்க்கிங் வேணும்னுதான் நான் நெனச்சேன். இப்பவும் அதான் நெனக்கிறேன்."

பாட்டிலை மூடினாங்க.

"நான் உள்ள இருந்திருந்தா, நீ தோத்திருப்படி."