பச்சைத் தண்ணி

"டேய்! இதுல எவன்டா குழாய்த் தண்ணியை ஊத்தினது?"

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவன் போட்ட கூச்சலில், மனைவி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

அவன் வீடியோ எடிட்டர். கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க உள்ளே குழாய் குழாயாகப் பச்சை நிறக் கூலன்ட் ஓடும். பார்க்கவே ஜோராக இருக்கும். இப்போது அது வெளிறிப் போயிருந்தது.

சோபாவிலிருந்து மெதுவாக எழுந்தான் மச்சினன். வேலை தேடுகிறேன் பேர்வழி என்று அக்கா வீட்டில் டேரா போட்டிருப்பவன்.

"நான்தான் அத்தான். நீங்கதானே மத்தியானம் போன்ல சொன்னீங்க, டேங்க் வறண்டா பம்ப் கருகிடும், கொஞ்சம் பச்சைத் தண்ணி ஊத்துன்னு?"

"அடப்பாவி! பச்சையா இருக்கிற தண்ணிடா அது! பச்சைத் தண்ணின்னா பச்சைத் தண்ணியையேவா ஊத்துவே?"

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நீ சிரிக்கிறே. குழாய்த் தண்ணியில உப்பு இருக்கு. உள்ள ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் அலுமினியம். நடுவுல உப்புத் தண்ணி ஓடினா பேட்டரி மாதிரி ஆகி அலுமினியத்தை அரிச்சுத் தின்னுடும். அப்புறம் பாசி வேற பிடிக்கும். கூலன்ட்டுல அதுக்கெல்லாம் மருந்து கலந்திருக்கு. ஒரு சின்ன வேலையைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியாதா இவனுக்கு?"

"தப்புதான் அத்தான்," என்று தலையைச் சொறிந்தான் மச்சினன்.

"விடுங்க, இனிமே இவன் பேரே பச்சைத் தண்ணிதான்," என்றபடி மனைவி அடுப்படிக்குப் போனாள்.

முணுமுணுத்துக்கொண்டே அவன் கூலன்ட் பாட்டிலைத் தேடி மேஜைக்கடியில் குனிந்தான். பாட்டிலைக் காணோம். மூலையில் குழந்தையின் விளையாட்டுக் கப் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தான்.

அடியில் பச்சையாக ஒட்டியிருந்தது.

குழந்தை இருக்கிற வீடு, விஷமில்லாததாப் பார்த்து வாங்குங்க என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவனும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு, கலர் தூக்கலாக இருக்கிறதே என்று கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற சரக்கை வாங்கி வந்திருந்தான். நாக்கில் பட்டால் இனிக்கும். உள்ளே போனால் சிறுநீரகத்தில் ஊசி ஊசியாகப் படிந்து ஆளையே முடித்துவிடும்.

மச்சினனின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, கதவைச் சாத்தினான்.

"பாப்பா... குடிச்சாளாடா?"

"ஒரு சொட்டுகூட உள்ள போகலை அத்தான். பதறாதீங்க. அக்கா கடைக்குப் போயிருந்த நேரம். கப்புல ஊத்தி வாய்கிட்ட கொண்டுபோனா. பாய்ஞ்சு தட்டிவிட்டேன். பாட்டிலும் உருண்டு மொத்தமும் கொட்டிப் போச்சு. கை, வாயெல்லாம் கழுவிவிட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன். நல்லாப் பார்த்துட்டு, ஒண்ணுமில்லை, தைரியமாப் போங்கன்னுட்டார்."

அப்பாடா! அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அடுப்படியில் குழந்தை கலகலவென்று சிரிக்கிற சத்தம் கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"திரும்பி வந்தா உங்க போன். ஊத்தறதுக்குக் கூலன்ட் ஏது? பம்ப்பாவது பிழைக்கட்டுமேன்னு குழாயைத் திறந்தேன்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதானேடா? அக்கா முன்னாடி வச்சு அந்தத் திட்டு திட்டினேனே, வாயை மூடிக்கிட்டு நின்னியே!"

"டேய் பச்சைத் தண்ணி! சாப்பிட வாடா!" அடுப்படியிலிருந்து அக்காவின் குரல்.

"இதோ வந்துட்டேன்க்கா!"

பதில் குரல் கொடுத்துவிட்டு, மச்சினன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தான். பாட்டிலின் மூடி.

"உங்க கீபோர்டு மேல இருந்துச்சு அத்தான். அக்கா கண்ணுல படறதுக்குள்ள எடுத்துட்டேன்."