பத்திலிருந்து பதினொன்று வரை

மார்ச் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பதினொரு நிமிடத்துக்கு, ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருத்தி, பத்தரை மணிக்கு ஐந்தாம் மாடியில் நேர்காணலுக்குப் போகவேண்டிய இளம்பெண். ஏழு மாதமாக வேலை தேடியவளுக்கு வந்த முதல் அழைப்பு அது. இன்னொருவர் தேய்த்த சட்டையும் தோல்பையுமாக, ஏதோ ஒரு அலுவலகத்தின் மேலதிகாரி போலிருந்தார். பையைக் கீழே வைத்தபோது மட்டும் ‘ணங்’கென்று கேட்டது.

அவள் அபாய மணியை அழுத்தினாள். வெளியிலிருந்து வாட்ச்மேனின் குரல் வந்தது.

“பயப்படாதீங்கம்மா! மெக்கானிக் வந்தாத்தான் திறக்க முடியும். போன் போட்டுக்கிட்டேதான் இருக்கேன், எடுக்க மாட்டேங்குறாரு. லிஃப்ட் கிறீச்சு கிறீச்சுன்னு கத்துது, வந்து பாருங்கன்னு பத்து நாளாத் தொண்டைத்தண்ணி வத்தச் சொல்றேன்!”

சுவரில் ஒட்டியிருந்த மெக்கானிக்கின் எண்ணுக்கு அவளும் அடித்துப் பார்த்தாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது.

“கையில மட்டும் கெடச்சான்னா...” என்று பல்லைக் கடித்தாள்.

“விடுங்கம்மா,” என்றார் அவர், தணிந்த குரலில். “அவருக்கும் ஆயிரம் வேலை இருக்கும். என்னையே எடுத்துக்குங்க. மண்டைக்குள்ள ஒரே சந்தைக்கடை. எதைச் செய்யுறது, எதை விடுறதுன்னே தெரியாது. வீட்டுல வாங்காத திட்டு இல்ல. இப்பப் பாருங்க.”

போனை அவள் பக்கம் திருப்பினார். வேலைப் பட்டியல். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று வரிக்கு ஒரு நிறம். பெரும்பாலான வரிகளுக்கு எதிரே பச்சை டிக் இருந்தது. அவள் படிப்பதற்குள் திருப்பிக்கொண்டார்.

“இந்த ஆப்பை மச்சான்தான் போன்ல ஏத்திக் குடுத்தான். பத்து நாளாச்சு. தலையில இருக்குற வேலையெல்லாம் இதுல கொட்டிடணும். பெரிய வேலைன்னா துண்டு துண்டா வெட்டிக்கணும். ஒரு இடத்துக்குப் போறதே தனி வேலை. போய்ச் சேர்ந்தா ஒரு டிக். ஏறிப் பார்த்தா இன்னொரு டிக்.”

“வேலையை முடிக்கிறது?”

“அது வேற துண்டு. அதை நாளைக்குன்னு போட்டுக்கலாம்.”

பத்து இருபத்தெட்டுக்கு அவள் ஐந்தாம் மாடி அலுவலகத்தைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னாள். ‘எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்றீங்க. சரி, பத்தே முக்கால் வரைக்கும் பார்ப்போம்’ என்றது மறுமுனை.

“சார், உங்க போன்லேர்ந்து அந்த மெக்கானிக்குக்கு ஒருதடவை அடிங்களேன். வேற நம்பர்னா எடுத்தாலும் எடுப்பான்.”

“முடியாதும்மா. பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் ஃபோகஸ் டைம். எந்தக் காலும் போகாது, வராது. வந்ததுகூடத் தெரியாது. கவனம் சிதறக்கூடாது பாருங்க.”

“அதை நிறுத்த முடியாதா?”

“நிறுத்தலாம். நடுவுல நிறுத்தினா, இந்த ஆப்புல பத்து நாளாச் சேர்த்த நட்சத்திரம் மொத்தமும் போயிடும்.”

“ஆபத்து அவசரத்துக்குக்கூடவா சார்?”

“அப்படிப் பார்த்தா தினமும் ஒரு அவசரம் வந்துக்கிட்டேதான் இருக்கும்.”

அவள் மெக்கானிக்கின் எண்ணுக்கே திரும்பத் திரும்ப அடித்தாள். ஒவ்வொரு முறையும் அவர் லிஃப்டின் கூரையைப் பார்த்தார்.

பத்து நாற்பத்தாறுக்கு அவள் போனில் ஒரு செய்தி வந்தது. ‘தாங்கள் வராததால் அடுத்தவரை அழைத்துவிட்டோம். தங்கள் முயற்சிகளுக்கு வாழ்த்துகள்.’

இரண்டு முறை படித்தாள். பிறகு சான்றிதழ்கள் இருந்த கோப்பைத் தரையில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

“இன்னும் எடுக்கலம்மா!” என்று வெளியே வாட்ச்மேன் கத்தினார்.

“எப்பத்தான் சார் எடுப்பான் அந்த ஆளு?” கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

அவர் தோல்பையைக் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். போனில் மணி பார்த்தார். பத்து ஐம்பத்தொன்று.

“இன்னும் ஒன்பது நிமிஷம்மா... அந்த மெக்கானிக் நான்தான்.”