மடுல்கெல்லைக்கு இரண்டு பிரதி

"மடுல்கெல்லப் பக்கம் உங்க பேப்பர் எத்தனை போகுது சேர்?"

வந்து உட்கார்ந்தவன் கேட்ட முதல் கேள்வியே இதுதான். பெயர் பிரதீஸ் என்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் சட்டத்தரணி தட்டச்சு செய்து கொடுத்த தாள் ஒன்று இருந்தது.

இராமநாதன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். கண்டிக் கிளையில் பத்தொன்பது வருடமாகப் பத்திரிகைக்கு விளம்பரம் பிடிக்கிற மனிதர். இந்த மாதம் முப்பதாம் திகதியாகியும் ஒரு விளம்பரம்கூட வரவில்லை. இப்படியே போனால் கிளையை மூடுவதாகக் கொழும்பிலிருந்து வந்த கடிதம் மேசை லாச்சிக்குள் கிடந்தது. பேஸ்புக்கில் சும்மா போடலாம் என்று கடைக்காரர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். பேப்பரை இப்போ யார் பார்க்கிறார்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. வந்த ஒருத்தனையும் விட்டுவிட்டால் ஐம்பத்தாறு வயதில் அவர் எங்கே போய் வேலை கேட்பது?

வாய் கூசாமல் அளந்தார்.

"மடுல்கெல்லயில பூரா நம்ம பேப்பர்தான் தம்பி. தோட்டத்துல லயத்துக்கு லயம் போகுது. விளம்பரப் பக்கத்தத்தான் மொதல்ல விரிக்கிறாங்க."

பிரதீஸின் முகம் சுருங்கிவிட்டது. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். வேறு பேப்பரிலும் கேட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தே விட்டான்.

அடப்பாவி, பொய்யென்று பிடித்துவிட்டானே! அந்தப் பக்கத்து ஆளிடமே போய் லயத்துக்கு லயம் என்று அளந்தால் நம்புவானா? வெட்கம் இராமநாதனைப் பிடுங்கித் தின்றது. போகிற வேலை போகட்டும், கடைசி நாளிலாவது மனுசனாக இருந்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது.

"இருங்க தம்பி. உண்மையச் சொல்லிடுறேன். மடுல்கெல்லைக்கு ரெண்டே ரெண்டு பேப்பர்தான் போகுது. ஒண்ணு சலூனுக்கு, ஒண்ணு ஸ்கூலுக்கு."

பிரதீஸ் கதவடியில் நின்றான். சலூனில் விளம்பரமெல்லாம் படிப்பார்களா என்று கேட்டான். சினிமாப் பக்கத்தைப் பார்ப்பார்கள், மற்றதைக் கிழித்துக் கத்தியில் ஒட்டிய நுரையைத் துடைப்பார்கள் என்றார் இராமநாதன். ஸ்கூலில்? அங்கே பிரிக்காமலே அடுக்கி வைத்துப் பழைய பேப்பருக்குப் போடுகிறார்கள். இன்டர்நெட்டில் வருமா என்றும் கேட்டான். செய்தி வரும், அறிவித்தல்கள் வராது என்று அதையும் ஒப்புக்கொண்டார். தன் பிழைப்பின் மேல் தானே மண்ணள்ளிப் போட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

பிரதீஸ் திரும்பி வந்து உட்கார்ந்தான். தாளை எடுத்து மேசையில் விரித்தான்.

"உங்க பேப்பர்லயே போட்டுருங்க சேர்."

இராமநாதனால் நம்பவே முடியவில்லை. பொய் சொன்னபோது எழுந்து போனவன், உண்மையைச் சொன்னதும் வந்து உட்கார்ந்துவிட்டான். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பிள்ளையா என்று அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு தாளைப் படித்தார். அது விவாகரத்து வழக்கின் அறிவித்தல். மனைவி நிஷாந்தி, தாய் வீடு மடுல்கெல்ல. நான்கு வருடத்துக்கு முன் கணவனையும் பெண் குழந்தையையும் விட்டுப் போனவள், இருக்குமிடம் தெரியாது. அழைப்பாணையைக் கொடுக்க விலாசம் இல்லாததால், தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அறிவிக்கும்படி கோர்ட் சொல்லியிருக்கிறது. நவம்பர் பதினெட்டாம் திகதி அவள் வந்து நிற்காவிட்டால், அவள் இல்லாமலே வழக்கு முடியும்.

பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போக எப்படித்தான் மனசு வந்ததோ என்று இராமநாதனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பாவம், இந்தப் பையனுக்குத் தன்னால் ஆனதைச் செய்யவேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை நாலு பேராவது பார்ப்பார்கள், அதிலேயே போடுகிறேன், மேலதிகமாக ஒரு சதமும் வேண்டாம் என்றார். அவளுடைய படம் இருந்தால் அதையும் சும்மா போட்டுத் தருகிறேன், கண்டவர்கள் யாராவது தகவல் சொல்வார்கள் என்றார்.

"வேணாங்க சேர். நாலு வருசமா தேடித் தேடி நொந்து போயிட்டேன். சாதாரண நாள்லயே போடுங்க. படமும் வேணாம்."

மானமுள்ளவன், ஓசியில் ஒன்றும் வாங்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டார். புதன்கிழமைக்கு எழுதிப் பற்றுச்சீட்டைக் கொடுத்தார். அவன் படியிறங்கியதும் கொழும்புக்கு அழைத்தார். விளம்பரம் வந்துவிட்டது, நம்முடைய பேப்பருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். சரி, கிளை இப்போதைக்கு இருக்கட்டும் என்றார்கள் அங்கே. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவருக்கு நன்றாகப் பசித்தது.

சாப்பாட்டுப் பொதியை எடுக்கப் போனவர், பிரதீஸின் அடையாள அட்டை மேசையில் கிடப்பதைக் கண்டார். நகல் எடுக்கத் தந்ததை மறந்துவிட்டுப் போயிருக்கிறான். இதற்காக அந்தப் பிள்ளை இன்னொரு முறை வத்தேகமயிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவதா என்று இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினார்.

நல்லவேளை, அவன் கீழே துணிக்கடை வாசலிலேயே நின்றான். கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். திரையில் ஒரு பெண், தலையில் வேலைக்காரிகள் கட்டும் வெள்ளைத் துணி, பின்னால் ஏதோ அரபு வீட்டின் பெரிய சமையலறை.

"பாப்பா ஸ்கூலுக்குப் போயிருக்கு. நீ அனுப்புனதுல வத்தேகம வீட்டுக்கு டைல்ஸ் பதிச்சாச்சு. நவம்பர்ல வாரேன்னு அவசரப்படாத நிஷாந்தி, மேடம் கோவிச்சுக்கிட்டா என்ன செய்றது, தைப்பொங்கலுக்கு மெதுவா வா."