ஈயத்தில் ஒரு கையெழுத்து

உலகத்தோரே, கேளுங்கள்! வெனிஸ் நகரத்தில் இன்று கிரேக்க மொழிக்கு ஈயத்தில் உடம்பு கிடைக்கிறது. அச்சகத்து முதலாளி மனூசோஸ் இப்படித்தான் தொப்பையைத் தடவியபடி முழங்குகிறார். கொள்ளைநோயில் இறந்துபோன ஏடெழுதி ஸ்தமாதிஸின் கையெழுத்தைப் பார்த்து வெட்டிய அச்செழுத்துகள் இவை. அவன் மனைவி எர்கினா ஈயத் துண்டுகளை விரலால் தடவுகிறாள். எல்லாம் இடம் வலம் மாறியிருப்பதால் அடையாளம் தெரியவில்லை. மை காயாத முதல் தாள் வருகிறது. கால்வாயின் வெளிச்சம் அதன்மேல் நெளிகிறது. அவள் கண் கலங்க, குனிந்து ஓர் எழுத்தைச் சுட்டுகிறாள். "இந்தச் சுழி அவருதுதாங்க. கோபத்துல எழுதினாக்கூட இப்படித்தான் வளைப்பாரு." "தாள்மேல அழுதுடாதம்மா, மை கலைஞ்சுடும்," என்கிறார் மனூசோஸ். "அவரு பேரு எங்கேங்க?" "எழுத்து பூரா அவருதானே, பேரு வேற எதுக்கு?" தாளின் அடியில் மனூசோஸின் பெயர் மட்டும் இருக்கிறது, ஸ்தமாதிஸின் கையெழுத்தில்.